பிரிஸ்டல் கவுன்சில் தேர்தல் 2024: கிரீன் 34, ஆனாலும் பெரும்பான்மை இல்லை

ஏவன்கரை
3 மே 2024, மாலை

எண்ணி முடித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கவுன்சிலில் மொத்தம் 70 இடம். கிரீன் கட்சி 34, லேபர் 21, லிப் டெம் (லிபரல் டெமாக்ரட்) 8, கன்சர்வேடிவ் (டோரி) 7. பெரும்பான்மைக்கு 36 வேண்டும். கிரீனுக்கு இரண்டு குறைகிறது.

போன முறை, 2021-இல், கிரீனும் லேபரும் ஆளுக்கு 24 வாங்கிச் சமமாக நின்றன. டோரி 14, லிப் டெம் 8. அப்போது லேபரைச் சேர்ந்த மார்வின் ரீஸ் மேயராக இருந்தார். முடிவெல்லாம் அவர் கையில் என்பதால் கவுன்சிலில் யாருக்கு எத்தனை என்று ஊரில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இந்த முறை அந்த மேயர் பதவியே கிடையாது. அதனால்தான் இழை தொடங்குகிறேன். இந்த 34-ஐ வைத்துக்கொண்டு கிரீன் என்ன செய்ய முடியும்?

நெடுந்தீவான்
3 மே 2024, இரவு

நான் லண்டனில் இருக்கிறேன், பழைய லேபர் ஆள். இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை தம்பி. காசா. எங்கள் கட்சித் தலைவர் ஸ்டார்மர் போர் நிறுத்தம் பற்றி வாய் திறக்கத் தாமதித்ததற்குச் சனம் கணக்குத் தீர்த்திருக்கிறது. மான்செஸ்டர் லாங்சைட்டில் பாருங்கள், கவுன்சிலின் துணைத் தலைவரே வொர்க்கர்ஸ் கட்சிக்காரரிடம் தோற்றுப்போனார். ஓல்டமில் லேபரின் பெரும்பான்மை போய்விட்டது. பிரிஸ்டலிலும் அதே கதைதான். பொதுத்தேர்தல் வந்தால் எல்லாரும் திரும்பி வருவார்கள்.

கணக்குப்பிள்ளை
3 மே 2024, இரவு

அண்ணை, அவசரப்படாமல் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 2021-ஐ வைத்துப் பார்த்தால் கிரீனுக்குக் கூடியது 10. லேபருக்குக் குறைந்தது 3. டோரிக்குக் குறைந்தது 7. லிப் டெம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதாவது காணாமல் போன பத்தில் ஏழு டோரியுடையது. காசாவுக்காகக் கோபப்பட்டு டோரியைத் தோற்கடித்தவர் யார்?

மிளகுரசம்
3 மே 2024, இரவு

கணக்குப்பிள்ளை, உங்கள் கழித்தல் சரி, முடிவு சரியில்லை. நீங்கள் சொல்வது நிகரக் கணக்கு. ஒரு வார்டில் லேபர் கிரீனிடம் தோற்று, இன்னொரு வார்டில் டோரியிடமிருந்து பறித்திருந்தால், இரண்டும் சேர்ந்து பூஜ்யமாகத் தெரியும். டோரியின் ஏழும் நேராகக் கிரீன் பைக்குப் போனதாக அந்த அட்டவணை சொல்லவில்லை.

அதற்காக நெடுந்தீவான் அண்ணா சொல்வதும் முழுசாகச் சரி என்று ஆகிவிடாது. நான் ஈஸ்டன் பக்கம் குடியிருக்கிறேன். காசா பற்றிய பேச்சு இங்கே வீட்டுக்கு வீடு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கிரீன் இந்த ஊருக்கு போன அக்டோபரில் வந்த கட்சி இல்லை. 2006-இல் சவுத்வில் வார்டில் முதல் இடம் பிடித்தார்கள். 2018 நவம்பரில் காலநிலை அவசரநிலை என்று இந்தக் கவுன்சில் அறிவித்ததே, அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கிளிஃப்டன் டவுன் கவுன்சிலராக இருந்த கார்லா டெனியர். ஐரோப்பாவிலேயே அப்படி அறிவித்த முதல் கவுன்சில் இது. 2021 மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ரீஸுக்கு எதிரே நின்றதும் கிரீன்காரர்தான். 24 இடம் வந்தது அதே நாளில், காசாவுக்கு இரண்டரை வருஷம் முன்பு.

டீக்கடை_பெஞ்சு
3 மே 2024, இரவு

ஒரு சந்தேகம். பிரிஸ்டலில் 34 வார்டு என்று படித்தேன். கிரீனுக்கு 34 இடம். எல்லா வார்டும் அவர்களுக்கா?

கணக்குப்பிள்ளை
3 மே 2024, இரவு

இல்லை, தற்செயல். 34 வார்டு, 70 கவுன்சிலர். ஒன்று, இரண்டு, மூன்று என்று வார்டுக்கு வார்டு இடம் மாறும். ஹாட்வெல்ஸ் அண்ட் ஹார்பர்சைடில் ஒரே ஒருவர். கிளிஃப்டனில் இரண்டு. ஆஷ்லியில் மூன்று.

அந்த வார்டில் எத்தனை இடமோ அத்தனை ஓட்டு உங்களுக்கு. விகிதாசாரம் எல்லாம் கிடையாது, அதிக ஓட்டு வாங்கிய முதல் இரண்டு பேர் அல்லது மூன்று பேர் உள்ளே. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். ஒரு கட்சி வார்டில் கொஞ்சம் முந்தினால் போதும், மொத்த இடத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். பிரிஸ்டல் சென்ட்ரல் என்று புதிதாக ஒரு பாராளுமன்றத் தொகுதி வரைந்திருக்கிறார்கள். ஆஷ்லி, சென்ட்ரல், கிளிஃப்டன், கிளிஃப்டன் டவுன், காத்தம், ஹாட்வெல்ஸ், ரெட்லேண்ட் இதில் வருகின்றன. இவற்றில் மொத்தம் 14 இடம், பதினான்கும் கிரீன். அவர்களுடைய 34-இல் இது ஐந்தில் இரண்டு பங்கு. நகரின் நடுவே கெட்டியாக, ஓரங்களில் மெலிந்து. ஹார்ட்கிளிஃப், சவுத்மீட் மாதிரியான கவுன்சில் வீட்டுப் பகுதிகளில் கதையே வேறு.

ஏவன்கரை
4 மே 2024, காலை

நேற்று முன்தினம் ஓட்டுச் சாவடியில் நான் பார்த்தது இது. கையில் இரண்டு சீட்டு கொடுத்தார்கள், ஒன்று கவுன்சிலுக்கு, ஒன்று போலீஸை மேற்பார்வை செய்ய மக்கள் தேர்ந்தெடுக்கும் கமிஷனருக்கு. கவுன்சில் சீட்டின் தலையில் இரண்டு பேருக்கு மேல் குறியிடக் கூடாது என்று தடித்த எழுத்து. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கிரீனுக்கு ஒன்று, லேபருக்கு ஒன்று போடலாமா என்று சத்தமாகவே கேட்டார். மேஜையிலிருந்த அம்மா, தாராளமாக, ஆனால் யாருக்கு என்று என்னிடம் சொல்லாதீர்கள் என்றார். வரிசையே சிரித்தது.

அந்தப் பெரியவர் மாதிரிப் பிரித்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் எனக்கு ஆர்வம். போலீஸ் கமிஷனர் பதவியை, பிரிஸ்டலும் அடங்கிய ஏவன் அண்ட் சமர்செட் பகுதி முழுக்கப் போட்டியிட்டு லேபரின் கிளேர் மூடி ஜெயித்திருக்கிறார். அதே நாள், அதே பென்சில்.

சில்லறைவேலை
4 மே 2024, காலை

பிரித்துப் போட்ட சீட்டுகள் எண்ணுகிறவர்களுக்குத்தான் தலைவலி. நான் வேறொரு ஊரில் எண்ணும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் பெட்டியைக் கவிழ்த்து, சாவடியில் கொடுத்த சீட்டின் எண்ணிக்கையும் பெட்டியில் விழுந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். யாருக்கு விழுந்தது என்பது அப்புறம்தான். எல்லா ஓட்டும் ஒரே கட்சிக்கு விழுந்த சீட்டுகளைக் கட்டுக் கட்டாகத் தனியே வைத்துவிடலாம், வேகமாக முடியும். கலந்து விழுந்ததை அப்படிச் செய்ய முடியாது. ஒரு நீளத் தாளில் சீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறினமாதிரி ஓலை வேய்வதுபோல ஒட்டி அடுக்கி, ஒவ்வொரு வேட்பாளருடைய வரிசையையும் நேராகப் படித்து எண்ண வேண்டும். பின்னால் கட்சி முகவர்கள் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூன்று இடம் உள்ள வார்டு என்றால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

புதுமாணவன்
4 மே 2024, மதியம்

நான் இங்கே எம்.எஸ்ஸி படிக்க வந்திருக்கிறேன், மதுரைப் பக்கம். மாணவர் விசா. பக்கத்து அறைக்காரன் ஸ்பெயின்காரன் ஓட்டுப் போட்டான். நமக்கெல்லாம் உரிமை இல்லைதானே?

மிளகுரசம்
4 மே 2024, மதியம்

இருக்கிறது தம்பி. உங்களுக்கு அவரைவிட அதிகமாகவே இருக்கிறது. இந்தியா, இலங்கை எல்லாம் காமன்வெல்த். இங்கே தங்க அனுமதி உள்ள காமன்வெல்த் குடிமக்கள், மாணவர் விசாவாக இருந்தாலும், கவுன்சில் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம், பாராளுமன்றத் தேர்தலிலும் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்து நண்பருக்குப் பாராளுமன்றத்துக்கு ஓட்டு கிடையாது. இந்த முறைக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 16, அது போய்விட்டது. பொதுத்தேர்தல் இந்த வருஷமே வரும் போலிருக்கிறது, இப்போதே ஆன்லைனில் பதிவு செய்து வையுங்கள். சாவடிக்குப் போகும்போது இந்திய பாஸ்போர்ட் போதும். பல்கலைக்கழக அட்டையை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதியவர்களின் பஸ் பாஸ் செல்லும், மாணவர் பஸ் பாஸ் செல்லாது. அந்த விதி எழுதியவர்கள் யாருடைய ஓட்டை எதிர்பார்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நெடுந்தீவான்
4 மே 2024, மாலை

சரி, காசா மட்டும் காரணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிறகு என்ன? நாடு முழுக்க டோரி 474 இடத்தைத் தொலைத்திருக்கிறது, லேபர் ஏறுமுகம், பிளாக்பூல் சவுத் இடைத்தேர்தலையும் தூக்கியாயிற்று. இந்த நேரத்தில் ஒரு பெரிய நகரத்தில் லேபர் பின்னுக்குப் போகிறது என்றால் ஊருக்குள்ளேதான் ஏதோ நடந்திருக்க வேண்டும். எனக்கு அது விளங்கவில்லை.

ஏவன்கரை
4 மே 2024, இரவு

அண்ணை, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. என் பார்வையில் பதில் மேயர் பதவியில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2012 மே மாதம் இங்கிலாந்தில் பத்து நகரங்களிடம், நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றது பிரிஸ்டல் ஒன்றுதான். அதுவும் நான்கில் ஒருவர்கூட ஓட்டுப் போடாத வாக்கெடுப்பில். முதலில் வந்தவர் எந்தக் கட்சியும் சாராத ஜார்ஜ் ஃபெர்குசன், எப்போதும் சிவப்புக் கால்சட்டை போடுகிற கட்டடக் கலைஞர். 2016-இல் ரீஸ். ஐரோப்பாவின் பெரிய நகரம் ஒன்றில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின மேயர் அவர். அந்தப் பெருமை ஊருக்கு உண்டு. நானும் அவருக்கு ஓட்டுப் போட்டவன்.

ஆனால் அதிகாரம் ஒருவர் கையில் குவிந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் காலத்தில்தான் பார்த்தோம். 2018-இல் அரீனா, அதாவது பெரிய நிகழ்ச்சி அரங்கம், பற்றிய விவகாரம். டெம்பிள் மீட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டவேண்டும் என்று கவுன்சிலர்கள் கூடி வாக்களித்தார்கள். அந்த வாக்கு மேயரைக் கட்டுப்படுத்தாது. அவர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அரீனா ஊரின் வடக்கு ஓரத்தில், ஃபில்டன் பழைய விமானத் தளத்தில், மலேசியாவின் ஒய்டிஎல் நிறுவனத்திடம் போனது. எது நல்ல இடம் என்பது வேறு விவாதம், ரீஸ் சொன்ன பணக் கணக்கில் நியாயம் இருக்கலாம். ஆனால் 70 பேரைத் தேர்ந்தெடுத்து உட்கார வைத்து, அவர்கள் வாக்குக்கு ஒரு பெறுமதியும் இல்லை என்றால் எதற்கு அந்த மண்டபம்?

அப்புறம் பிரிஸ்டல் எனர்ஜி. ஃபெர்குசன் காலத்தில் தொடங்கிய கவுன்சில் மின்சாரக் கம்பெனி. மூன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் போட்டு 2020-இல் விற்றுத் தலைமுழுகினார்கள். கால்ஸ்டன் ஹால் என்று இருந்து பீக்கன் என்று பெயர் மாறிய இசையரங்கத்தின் புதுப்பிப்பு ஐந்து கோடிக்குள் முடியும் என்று தொடங்கி பதின்மூன்று கோடியைத் தாண்டியது.

2021 டிசம்பரில் லிப் டெம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள், மேயர் பதவி வேண்டுமா என்று மக்களையே கேட்போம் என்று. லேபர் எதிர்த்தும் நிறைவேறியது. 2022 மே மாதம் வாக்கெடுப்பு. 59 சதவீதம் பேர் மேயர் வேண்டாம், குழு முறை போதும் என்றார்கள். அப்போதே லேபர் இந்த ஊரில் பாதி தோற்றுவிட்டது என்பேன். எட்டு வருஷம் நிர்வாகத்தின் முகமாக இருந்த கட்சி, அந்த முகம் போட்டியிலேயே இல்லாத தேர்தலில் அதன் கடனை மட்டும் அடைக்க வந்து நின்றது. காசாவும் ஸ்டார்மரும் எரிகிற அடுப்பில் எண்ணெய்.

கணக்குப்பிள்ளை
4 மே 2024, இரவு

இதோடு ஒத்துப்போகிறேன். ஒரே ஒரு திருத்தம்: அந்த 59 சதவீதமும் 28.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதில் வந்தது. கொண்டுவந்தபோதும் ஊர் தூங்கியது, நீக்கியபோதும் பெரும்பாலும் தூங்கியது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன், 34-ஐ வைத்து என்ன செய்யலாம். குழு முறையில் அமைச்சரவை மாதிரி ஒன்று கிடையாது. போக்குவரத்து, வீடு, குழந்தைகள் நலன் என்று துறைக்கு ஒரு கொள்கைக் குழு. குழுவின் இடங்களைக் கட்சி பலத்துக்கு ஏற்ப விகிதப்படி பங்கிட வேண்டும் என்பது 1989 சட்டம். ஓட்டுப் பெட்டியில் இல்லாத விகிதாசாரம் குழு அறைக்குள் வந்துவிடுகிறது! உதாரணத்துக்கு ஒரு குழுவில் 9 பேர் என்றால் கிரீனுக்கு 4, லேபருக்கு 3, லிப் டெம்முக்கும் டோரிக்கும் தலா 1. அதாவது நாலுக்கு ஐந்து. மற்ற மூவரும் கைகோத்தால் கிரீனின் எந்த யோசனையும் அங்கேயே படுத்துவிடும்.

வரவு செலவுத் திட்டம் முழுக் கவுன்சிலுக்கு வரவேண்டும். அங்கும் தாங்களாக நிறைவேற்ற முடியாது. இன்னொரு கட்சி ஆதரிக்க வேண்டும், குறைந்தபட்சம் கொஞ்சப் பேராவது வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும்.

மிளகுரசம்
5 மே 2024, காலை

36 கிடைத்திருந்தாலும்கூட கஜானாவில் என்ன இருக்கிறது? இங்கிலாந்தில் பிரிஸ்டல் மாதிரிப் பெரிய நகரக் கவுன்சில் எதை எடுத்தாலும் பணத்தின் பெரும்பகுதி முதியோர் பராமரிப்புக்கும் குழந்தைகள் பராமரிப்புக்கும் போகிறது. அது சட்டப்படி செய்தே ஆகவேண்டியது. நூலகம், பூங்கா, சாலைக் குழி எல்லாம் மிச்சத்தில். கவுன்சில் வரியை 4.99 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் வாக்கெடுப்பு நடத்தி மக்களைக் கேட்கவேண்டும், யார் கேட்பார்கள்? போன செப்டம்பரில் பர்மிங்காம் கையை விரித்தது, நவம்பரில் நாட்டிங்காம்.

நான் கிரீனுக்குத்தான் போட்டேன். எதிர்க்கட்சியாக இருந்து சொல்வது சுலபம், வெட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போது பார்ப்போம்.

டீக்கடை_பெஞ்சு
5 மே 2024, மதியம்

லிப் டெம் நோட்டீஸ் யாருக்காவது வந்ததா? எங்கள் வீட்டுக்கு வந்ததில் ஒரு பட்டை வரைபடம். அவர்களுடைய பட்டை ஆள் உயரம், மற்றவர்களுடையது கணுக்கால் உயரம். எண்ணைப் பார்த்தால் ஐந்து சதவீத வித்தியாசம். கணக்குப்பிள்ளை அதைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

கணக்குப்பிள்ளை
5 மே 2024, மதியம்

வந்தது. சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஏவன்கரை
22 மே 2024, இரவு

இரண்டு செய்தி. கிரீனின் டோனி டையர் கவுன்சில் தலைவராகியிருக்கிறார். இன்று பிரதமர் சுனக் மழையில் நனைந்துகொண்டே ஜூலை 4 பொதுத்தேர்தல் என்று அறிவித்துவிட்டார். புதுமாணவன், பதிவுக்குக் கடைசி நாள் ஜூன் 18.

புதுமாணவன்
5 ஜூலை 2024, காலை

போட்டுவிட்டேன் மிளகுரசம் அக்கா! பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிரிஸ்டல் சென்ட்ரல்தான் என் தொகுதி.

கணக்குப்பிள்ளை
5 ஜூலை 2024, காலை

பிரிஸ்டல் சென்ட்ரல்: கார்லா டெனியர் 24,539. லேபரின் தங்கம் டெபனேர் 14,132. வித்தியாசம் 10,407. நாடெங்கும் லேபர் 400-ஐத் தாண்டிய இரவில் இங்கே அவர்களுடைய நிழல் அமைச்சரே (எதிர்க்கட்சியாக இருந்தபோது ஒரு துறைக்குப் பொறுப்பாக இருந்தவர்) தோற்றிருக்கிறார். 2019-இல் பழைய பிரிஸ்டல் வெஸ்ட் தொகுதியில் இதே இருவர் மோதியபோது டெபனேர் 28,219 வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெடுந்தீவான் அண்ணை, பொதுத்தேர்தலில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றீர்களே?

நெடுந்தீவான்
5 ஜூலை 2024, மதியம்

நாடு முழுக்க வந்தார்கள்தானே. உங்கள் ஊர்தான் வரவில்லை. தங்கம் தோற்றது எனக்கு மனக்கஷ்டம். தகப்பன் வழியில் இலங்கைத் தமிழ் வேர் உள்ள பிள்ளை, அமைச்சரவைக்குப் போகவேண்டியவர். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மே மாதம் அந்த 14 இடமும் போனபோதே தொகுதியும் போய்விட்டது. கவுன்சிலர் என்றால் துண்டுப் பிரசுரத்தோடு வாசலில் நிற்கிற ஆள். அந்த ஆள் ஒருவரும் இல்லாமல் தேர்தல் செய்ய முடியாது.

மிளகுரசம்
4 மே 2025, மாலை

ஒரு வருஷம் ஆனதால் இழையைத் தூக்கிவிடுகிறேன். வெட்டுப் பட்டியல் பற்றிச் சொன்னேன் இல்லையா? கறுப்புக் குப்பைத் தொட்டியை மூன்று வாரத்துக்கு ஒரு முறை எடுக்கலாமா, நான்கு வாரத்துக்கு ஒரு முறையா என்று ஜனவரியில் கருத்துக் கேட்டார்கள். ஊரே கொதித்து, நான்கு வார யோசனை கைவிடப்பட்டது. கிழக்கு பிரிஸ்டலில் குறுக்குச் சாலைகளைக் காருக்கு மூடும் திட்டம் இன்னொன்று. அதைத் தொடங்கிவைத்தது ரீஸ் காலத்து நிர்வாகம், திட்டு வாங்குவது இப்போதுள்ளவர்கள். மார்ச் மாதம் பார்ட்டன் ஹில்லில் விடிவதற்கு முன்பே போலீஸ் துணையோடு வேலை நடந்தது. வேண்டும் என்பவர்களும் என் தெருவில் இருக்கிறார்கள், வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் போன தடவை கிரீனுக்குப் போட்டவர்கள்.

இந்த வாரம் மேற்கு இங்கிலாந்து வட்டார மேயர் தேர்தல் முடிவைப் பார்த்தீர்களா? லேபரின் ஹெலன் காட்வின் 25 சதவீத ஓட்டில் ஜெயித்தார், ரிஃபார்ம் கட்சி இரண்டாவது, கிரீன் மூன்றாவது. பிரிஸ்டலோடு பாத்தும் தெற்கு குளோஸ்டர்ஷரும் சேர்ந்த வட்டாரம் என்பதால் நேராக ஒப்பிடக்கூடாது, இருந்தாலும் நான்கில் ஒரு பங்கு ஓட்டில் ஒரு மேயர்!

ஏவன்கரை
12 ஜூலை 2025, காலை

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் பாராளுமன்றத்தில் வைத்திருக்கிற அதிகாரப் பகிர்வு மசோதாவில், குழு முறையில் நடக்கும் கவுன்சில்கள் எல்லாம் தலைவர், அமைச்சரவை முறைக்கு மாறவேண்டும் என்று இருக்கிறது. 2022-இல் நாங்கள் வாக்கெடுப்பு வைத்துத் தேர்ந்தெடுத்ததை லண்டனில் ஒரு ஷரத்தில் அழிக்கிறார்கள். ஷெஃபீல்டும் 2021-இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் குழு முறைக்குப் போனது.

கணக்குப்பிள்ளை
12 ஜூலை 2025, மதியம்

வேடிக்கை என்னவென்றால், அது அப்படியே சட்டமாகி, இதே 70 பேர் இருக்கும்போதே அமலுக்கு வந்தால் லாபம் கிரீனுக்குத்தான். தலைவர் பதவியைத் தக்கவைத்துக்கொண்டால் அமைச்சரவை முழுவதையும் தங்கள் ஆட்களை வைத்தே நிரப்பலாம். குழு அறையில் நாலுக்கு ஐந்து என்று தோற்கிற கட்சி, 34 பேரை வைத்துக்கொண்டு அன்றாட முடிவு எல்லாவற்றையும் எடுக்கும். வரவு செலவுக்கு மட்டும் கை ஏந்தவேண்டும். அதைச் செய்து கொடுப்பது லேபர் அரசாங்கம்.

நெடுந்தீவான்
12 ஜூலை 2025, இரவு

எங்கள் ஆட்கள் வேறு என்ன செய்வார்கள்.

ஏவன்கரை
13 ஜூலை 2025, காலை

அடுத்த கவுன்சில் தேர்தல் 2028 மே. மட்டுறுத்துநர், இழையைப் பூட்டிவிடாதீர்கள்.